பயறுல வண்டா? கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பார்த்து சரி பண்ணுங்க, மாத்திரை வேண்டாம்

பயறுல வண்டு வந்துருச்சுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "என்ன போட்டு வைக்கலாம்"னு தான். வேப்பிலையா வசம்பா வரமிளகாயா விளக்கெண்ணெயான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, எல்லாமே ஏதோ ஒரு கட்டத்துல வேலை செய்யுறது தான், ஆனா கட்டம் தப்பி போட்டா எதுவுமே எடுபடாது. ஏன்னா டப்பாவுல குடுகுடுன்னு ஓடுதே அந்த வண்டு பயறை திங்குறதே கிடையாது. அது தின்னு முடிச்சு வெளிய வந்தது, இனிமே முட்டை வைக்கிறது மட்டும் தான் அதுக்கு வேலை, ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா செத்தும் போயிரும். திங்குறது பயறுக்குள்ள இருக்குற புழு, அது வெளிய தலையே காட்டாது.

கதை சுருக்கமா இது தான். நம்ம ஊர்ல பயறு வண்டுன்னு சொல்றது கல்லோசோப்ருக்கஸ் வகை, 3 - 4 மில்லிமீட்டர் தான் இருக்கும், பழுப்பு நிறம், ரெக்கை முதுகை முழுசா மூடாது. பொட்டை வண்டு ஒண்ணு கிட்டத்தட்ட நூறு முட்டை வரைக்கும் பயறு தோல் மேல ஒட்டி வைக்கும், ஒரு 4 - 6 நாள்ல பொரியும், பொரிஞ்ச புழு வெளிய வராம முட்டையோட அடிப்பக்கமாவே தோலை குடைஞ்சு உள்ள போயிரும். உள்ளயே தின்னு, உள்ளயே கூட்டுப்புழுவாகி, கடைசியா வட்டமா ஒரு மூடி வெட்டி தள்ளிட்டு வண்டா வெளிய வரும். நம்ம வெக்கைக்கு இது எல்லாம் சேர்ந்து 25 - 30 நாள். அதனால "போன மாசம் நல்லா தானே இருந்துச்சு, இந்த மாசம் எப்படி இவ்வளவு"ன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல, போன மாசம் எல்லாம் உள்ள இருந்துச்சு, அவ்வளவு தான்.

ஆக நம்ம கையில இருக்குறதை இப்படி பிரிச்சு வச்சுக்கோங்க: உள்ள இருக்குற புழுவை கொல்றது சூடு, கடுங்குளிர், காத்து போகாம அடைக்கிறது, இது மூணு தான். எண்ணெய், செம்மண், சாம்பல் எல்லாம் முட்டையை ஒட்ட விடாம, பொரிய விடாம தடுக்குறது. வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் வெளிய இருந்து வர்றதை கொஞ்சம் விரட்டுறது. இதை கலந்து குழப்பிக்கிறதுல தான் பாதி பயறு போகுது.

அப்புறம் அந்த வண்டு மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு. அதை வீட்டுக்குள்ள அரிசி டப்பா பக்கத்துல வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஈரக்காத்து பட்டா பாஸ்பீன்னு ஒரு வாயு வரும், அதை சுவாசிச்சு ஆபத்தானா அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. குடோன்ல பயிற்சி எடுத்தவங்க மூடி வச்சு பண்ற வேலை அது, நம்ம படுத்து தூங்குற இடத்துல அதுக்கு இடமே இல்ல.

ஓட்டையும் இல்ல வண்டும் இல்ல, ஆனா பயறு மேல வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்கு

அது முட்டை. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கருப்பு உளுந்துல நல்லா தெரியும், கொண்டைக்கடலையில தோல் சுருக்கத்துல மறைஞ்சுக்கும். நாலு பயறை உள்ளங்கையில போட்டு வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாருங்க, கண்ணு பத்தலைன்னா போன் கேமராவை ஜூம் பண்ணுங்க. புள்ளி பளபளன்னு, அடியில பயறோட நிறம் தெரியுற அளவுக்கு தெளிவா இருந்தா இன்னும் பொரியல. பால் வெள்ளையா இருந்தா பொரிஞ்சு புழு உள்ள போயாச்சு, போகும்போது குடைஞ்ச தூளை பின்னாடி தள்ளுது பாருங்க, அது முட்டை ஓட்டுக்குள்ள நிரம்பி தான் அந்த வெள்ளை. இந்த வித்தியாசம் தெரிஞ்சுட்டா உங்களுக்கு பாதி வேலை மிச்சம்.

பளபள முட்டைன்னா அன்னைக்கே எண்ணெய். கிலோவுக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன், சின்னப் பயறா இருந்தா மேல்பரப்பு அதிகம், அதனால 10 மில்லி வரைக்கும் போகலாம். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவா இருந்தாலும் சரி, ஏன்னா இங்க வேலை செய்யுறது எண்ணெயோட மருந்து குணத்தை விட அதோட படலம் தான், முட்டைக்கு காத்து போகாம அடைச்சுரும், புது முட்டையும் தோல்ல சரியா ஒட்டாது. அகலமான தாம்பாளத்துல கொட்டி, உள்ளங்கையில எண்ணெயை தேச்சுக்கிட்டு பயறை அள்ளி அள்ளி பிசிறுங்க. மேல ஊத்திட்டு கரண்டியில கிண்டினா ஒரு பக்கம் சொதசொதன்னு இருக்கும், இன்னொரு பக்கம் வறவறன்னு கிடக்கும், அந்த வறவற பக்கத்துல வண்டு குடும்பம் நடத்தும். ஒவ்வொரு பயறும் லேசா மினுக்கணும், கை வழுக்கக் கூடாது, அது தான் அளவு.

பால் வெள்ளைப் புள்ளின்னா எண்ணெய் மட்டும் பத்தாது. அடுத்ததை பாருங்க.

ஓட்டை விழுந்துருச்சு, வண்டு ஓடுது

முதல்ல டப்பாவை சமையக்கட்டுல வச்சு திறக்காதீங்க. இது நல்லா பறக்கும், வெளிச்சத்தை பார்த்து ஜன்னல் பக்கம் போகும், போற வழியில உங்க கொண்டைக்கடலை டப்பா மூடி லூசா இருந்தா அங்க அடுத்த முட்டையை வச்சுட்டு தான் போகும். வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துட்டு போய் முறத்துல புடைச்சு எடுங்க, விழுற வண்டை சோப்புத்தண்ணி வாளியில தட்டிருங்க.

புடைச்சது சுத்தமா தெரியும், ஆனா நம்பாதீங்க. ஓட்டை இல்லாத பயறை கொஞ்சம் பாருங்க, சிலதுல தோலுக்கு அடியில வட்டமா ஒரு கருத்த ஜன்னல் தெரியும், அதுக்குள்ள ஒருத்தன் மூடி வெட்ட ரெடியா உக்காந்திருக்கான். ஜன்னல் கூட தெரியாம குட்டிப் புழுவா இருக்குறது அதை விட அதிகம் இருக்கும். அதனால புடைச்ச அன்னைக்கே சூடு கொடுக்கணும்.

எவ்வளவு சூடுன்னா, பயறுக்குள்ள 57 டிகிரி செல்சியஸ் ஒரு மணி நேரம் நின்னா முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எதுவும் தப்பாது. இது அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துக்காரங்க கேமரூன் நாட்டு தட்டைப்பயறு விவசாயிங்களோட வேலை செஞ்சப்ப கண்டு சொன்னது, அங்கயும் இதே வண்டு தான், இதே தலைவலி தான். சாதா வெயில்ல சும்மா பரப்பி வச்சா அந்த சூடு உள்ள வரைக்கும் போறதில்ல, அதுக்கு ஒரு சின்ன வேலை இருக்கு.

தரையில வைக்கோலோ பழைய சாக்கோ நல்லா தடிமனா விரிங்க, சூடு தரைக்கு இறங்காம இருக்கணும், இதை விட்டுட்டா மொத்தமும் வீண். அதுக்கு மேல கருப்பு பிளாஸ்டிக் ஷீட். அதுல பயறை ரெண்டு மூணு பயறு கனத்துக்கு மேல போகாம பரப்புங்க, விரல்ல ஒரு கோடு இழுத்தா அடியில ஷீட் தெரியணும். மேல தெளிவான, ஓட்டை இல்லாத கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி நாலு ஓரத்தையும் சேர்த்து மடிச்சு செங்கல் வச்சு அமுக்கிருங்க. மேல் ஷீட் பயறை ஒட்டிக் கிடக்கட்டும். நல்ல வெயில் நாள்ல பத்தரை பதினொண்ணு மணிக்கு போட்டு மூணு மணி வரைக்கும் விடுங்க, சித்திரை வைகாசி வெயில்ல உள்ள 60 டிகிரியை சுலபமா தாண்டும். எடுத்த உடனே சூட்டோட மூட்டை கட்டாதீங்க, நிழல்ல ஆற வச்சுட்டு கட்டுங்க, இல்லைன்னா உள்ள வேர்த்து பூசணம் பிடிக்கும். நல்லா காஞ்ச பயறா இருந்தா இந்த சூட்டுல முளைப்பு கெடாது, விதைக்கும் பண்ணலாம். ஈரப் பயறுல விதைக்கு பண்ணாதீங்க.

பிளாட்ல இருக்கேன் மாடி இல்ல வெயில் இல்லங்கறவங்களுக்கு பிரீசர். கவர்ல போட்டு காத்தை அமுக்கி வெளியேத்தி இறுக்கி கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டுற பிரீசர்ல ஒரு வாரம் வைங்க. அஞ்சு கிலோவை ஒரே பொட்டலமா திணிச்சா நடுவுல குளிர் போய் சேரவே நாளாகும், அதனால ஒரு கிலோ ஒரு கிலோவா. வெளிய எடுத்ததும் கவரை பிரிக்காம அப்படியே ரூம் சூட்டுக்கு வர விடுங்க, உடனே பிரிச்சா பயறு மேல தண்ணி கோத்துக்கும். பிரிட்ஜோட கீழ் தட்டு வேலைக்கு ஆகாது, அங்க வண்டு சாகாது, சோம்பலா உக்காந்திருக்கும், வெளிய எடுத்ததும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கும்.

சாப்பாட்டுக்கு மட்டும்னா வாணலியில லேசா வறுத்து வைக்கிறது எல்லாத்தையும் விட சுலபம். கைப்பிடி அள்ளினா சூடு தாங்காம கீழ போடுற வரைக்கும் வறுத்து ஆற வச்சு டப்பாவுல போடுங்க. இது முளைக்காது, சுண்டலுக்கு முளைகட்டுறவங்க கவனிச்சுக்கோங்க.

வெயில்ல நல்லா காய வச்சேனே, ஒரு மாசத்துல திரும்ப வந்துருச்சு

நீங்க காய வச்சப்ப ஓடினது பெரிய வண்டு மட்டும். சூடு ஏறினதும் அது எழுந்து பறந்து போயிரும், சாயந்தரம் நீங்க அள்ளுறப்ப ஒண்ணு கூட இருக்காது, மனசுக்கு திருப்தியா இருக்கும். உள்ள இருந்த புழுவுக்கு வெயில் சுகமா தான் இருந்திருக்கும், கெட்டியா பரப்பி வச்ச பயறுல மேல் அடுக்கு தான் கொதிக்கும், அடி அடுக்கு வெதுவெதுன்னு கிடக்கும். மேல சொன்ன ஷீட் முறையில மூடி போடுங்க. சும்மா காய வைக்கிறது ஈரம் எடுக்க, அந்த வேலைக்கு அது நல்லது.

இன்னொரு காரணம் சாக்கு. காஞ்ச பயறை பழைய கோணியிலயே திரும்ப கொட்டியிருப்பீங்க. சாக்கோட தையல் மடிப்புக்குள்ள வண்டு ஒளிஞ்சிருக்கும், போன வருஷத்து ஓட்டைப் பயறு நாலு மூலையில சிக்கியிருக்கும், அது போதும். சாக்கை உள்ள வெளிய திருப்பி கொதிக்குற தண்ணியில முக்கி காய வச்சுட்டு பயன்படுத்துங்க. பத்தாயம், குதிர், டிரம் எதுவா இருந்தாலும் அடியில கிடக்குற பழசை வழிச்சு எடுத்து துடைச்சுட்டு தான் புதுசு. பழைய பயறு கொஞ்சம் இருக்கு, இதோட கலந்துருவோம்னு பண்றது இருக்கே, அதை விட வண்டுக்கு நல்லது யாரும் பண்ண முடியாது.

வேப்பிலை போட்டேன், வசம்பு போட்டேன், மிளகாய் போட்டேன், இன்னும் வருது

வரத்தான் செய்யும். ஏற்கனவே உள்ள இருக்குற புழுவுக்கு மேல வேப்பிலை இருக்கா கறிவேப்பிலை இருக்கான்னு தெரியவா போகுது. இலை வாடை புதுசா வர்ற வண்டை கொஞ்சம் தயங்க வைக்கும், அதுவும் வாடை இருக்குற வரைக்கும் தான். அதனால முதல்ல சூடோ குளிரோ கொடுத்து உள்ள சுத்தம் பண்ணிட்டு, அப்புறம் இலை போடுங்க, அப்ப அது உதவும்.

இலை போடுறதுலயும் ஒரு தப்பு நிறைய பேர் பண்றாங்க, மரத்துல இருந்து பறிச்சு பச்சையா போடுறது. பச்சை இலையில இருக்குற ஈரம் முழுக்க பயறுக்கு போகும், வண்டுக்கு பதிலா பூசணம் வரும். வேம்பு, நொச்சி, புங்கன் எதுவா இருந்தாலும் நிழல்ல சரசரன்னு காய வச்சு, கையில நொறுங்குற பதத்துல அடுக்கு அடுக்கா போடணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், நாலு மாசம் ஆன இலை வெறும் குப்பை.

வசம்பு நல்லா வேலை செய்யும், "பேர் சொல்லாதது"ன்னு அதை கூப்பிடுறது ஒண்ணும் சும்மா இல்ல, வண்டு முட்டை வைக்கிறதையே குறைக்கும். ஆனா அதை பொடி பண்ணி சாப்பாட்டுப் பயறுல நேரடியா கலக்காதீங்க. அதுல பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்கு, ஆய்வுக்கூட எலிகளுக்கு புற்று வர வச்சதுனால அமெரிக்காவுல 1968லயே உணவுல சேர்க்க தடை போட்டாங்க. சாப்பிடுற பயறுக்குள்ளன்னா துண்டா துணி முடிச்சுல கட்டி போடுங்க, பொடி விதைக்கு மட்டும். வரமிளகாய் பத்தி என் அபிப்பிராயம், முழு மிளகாயை நாலு மூலையில சொருகுறது மனசு ஆறுதலுக்கு தான், காரம் எல்லாம் தோலுக்குள்ள பத்திரமா இருக்கும். பாச்சா உருண்டை போடுறவங்க தயவு செஞ்சு நிறுத்துங்க, அது இயற்கையும் இல்ல, திங்குற பொருள் பக்கத்துல வர வேண்டியதும் இல்ல.

டப்பாவை இறுக்கி மூடி தான் வச்சேன், உள்ளயே வந்துருச்சு

டப்பா முக்கால்வாசி காலியா இருந்திருக்கும், இல்ல வாரம் ரெண்டு தடவை திறந்திருப்பீங்க. காத்தடைச்சு வைக்கிறது எப்படி வேலை செய்யுதுன்னா, உள்ள இருக்குற புழுவே சுவாசிச்சு சுவாசிச்சு ஆக்ஸிஜனை தீர்க்கணும். ஆக்ஸிஜன் நூத்துக்கு அஞ்சுக்கு கீழ போனா திங்குறதை நிறுத்திரும், அப்புறம் சாகுறது பட்டினியில இல்ல, தாகத்துல. காஞ்ச பயறுக்குள்ள தண்ணி எங்க இருக்கு, தின்னதை ஆக்ஸிஜனோட சேர்த்து எரிச்சு தான் உடம்புக்கு தண்ணியே உண்டாக்கிக்கும், காத்து இல்லைன்னா அந்த வழியும் அடைஞ்சுரும், அப்படியே வத்தி போகும். டப்பாவுல பாதி காலியா இருந்தா ஒரு தலைமுறை வளர்றதுக்கு அந்த காத்தே தாராளம். நடுவுல திறந்தீங்கன்னா முதல்ல இருந்து கணக்கு.

அதனால காத்தடைப்புன்னா கழுத்து வரைக்கும் தட்டி தட்டி நிரப்பணும், மூடியை இறுக்கி, குறைஞ்சது ரெண்டு மாசம் தொடக் கூடாது. வீட்டுக்கு இதுக்கு தோதானது பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் தான், ரெண்டு லிட்டர் பாட்டிலை கழுவி ஒரு சொட்டு ஈரம் இல்லாம காய வச்சு முட்ட முட்ட நிரப்பி மூடிருங்க, ஒரு பாட்டிலை திறந்தா மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது. பெரிய டிரம்ல வச்சு தினமும் படி படியா அள்ளுறதை விட இது ஆயிரம் மடங்கு மேல். மூட்டை கணக்குல வைக்கிறவங்களுக்கு மூணடுக்கு பை இருக்கு, உள்ள ரெண்டு தடி பாலித்தீன் பை, வெளிய ஒரு நெய்த சாக்கு, ஒவ்வொண்ணா காத்தை பிழிஞ்சு முறுக்கி கட்டணும். பிக்ஸ் பைனு பேர், அதே பர்டூ ஆளுங்க தான், 2007ல இருந்து மேற்கு ஆப்பிரிக்காவுல தட்டைப்பயறுக்காக பரப்பினாங்க. உள் பையில எலியோ ஊசியோ ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சது, அதனால எலி நடமாட்டம் உள்ள இடத்துல டிரம் தான்.

டப்பாவுக்குள்ள மெழுகுவர்த்தி ஏத்தி வச்சு மூடுற வித்தையை சிலர் சொல்றாங்க. தீ அணையுறப்பவும் உள்ள ஆக்ஸிஜன் பதினஞ்சு பதினாறு சதவீதம் மிச்சம் இருக்கும், வண்டுக்கு அது போதும். பிளாஸ்டிக் டப்பா உருகுறது தான் மிச்சம்.

மூடி வச்ச பயறை திறந்தா மொச்சு வாடை, கட்டி கட்டியா இருக்கு

ஈரத்தோட அடைச்சிருக்கீங்க. பயறு நூத்துக்கு பத்து ஈரத்துக்கு கீழ இருக்கணும். பல்லுல கடிச்சா டக்குனு ரெண்டா உடையணும், பல்லு பதிஞ்சா இன்னும் காயணும். சந்தேகம்னா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல ரெண்டு பிடி பயறும் ஒரு பிடி காஞ்ச உப்பும் போட்டு குலுக்கி பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு பாருங்க, உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டினா ஈரம் பதினஞ்சுக்கு மேல, அடைக்கவே கூடாது. ஒட்டலைன்னாலும் பல்லுல ஒரு தடவை கடிச்சு பார்த்துக்கோங்க. பூசணம் பிடிச்சது மனுஷனுக்கும் வேண்டாம் மாட்டுக்கும் வேண்டாம்.

அடுத்த வருஷ விதைக்கு வச்சது, முளைப்பு போயிரக் கூடாது

இங்க நிறைய வழி இருக்கு, ஏன்னா சுவை பத்தி கவலை இல்ல. ஆனா முதல்ல சூடு ஷீட்டோ காத்தடைப்போ கொடுத்து சுத்தம் பண்ணிக்கோங்க, அதுல மாத்தமே இல்ல.

செம்மண் கட்டுறது நம்ம ஊர்ல பழைய பழக்கம், துவரை, தட்டைப்பயறு, மொச்சைக்கு எங்க அப்பாயி காலத்துல வேற எதுவும் கிடையாது. கல்லு இல்லாத செம்மண்ணை சலிச்சு தண்ணி விட்டு குழைச்சு, பயறு மேல பூசினாப்ல பிசிறி, அன்னைக்கே பரப்பி நல்லா காய வைக்கணும். அதிகம் தண்ணி விட்டா விதை ஊறிரும், அதனால குழம்பு பதத்துக்கு கெட்டியா, சீக்கிரம், நல்ல வெயில் நாள்ல. காஞ்சதும் பயறு மேல மெல்லிசா ஒரு ஓடு மாதிரி நிக்கும், முட்டை தோல்ல ஒட்டாது, ஒட்டினாலும் புழு நுழைய கஷ்டப்படும், விதைக்கிறப்ப கழுவ வேண்டிய அவசியமும் இல்ல. களிமண் பொடி, அதாவது ஆக்டிவேட்டட் கயோலின் கிடைச்சா 100 கிலோ விதைக்கு 1 கிலோ, தண்ணி இல்லாம வெறுமனே கலந்தா போதும், அந்த நைசான தூள் வண்டு உடம்பு மேல இருக்குற மெழுகுப் பூச்சை உறிஞ்சிரும், உடம்பு தண்ணி வத்தி செத்துரும். வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்ச தூள் 100 கிலோவுக்கு 3 கிலோ, இதுவும் நல்லா நிக்கும், கசப்பு போகாதுங்கறதால விதைக்கு மட்டும்.

சாம்பல்னா கைப்பிடி தூவினா ஒண்ணும் ஆகாது, பயறுக்கு நடுவுல இருக்குற சந்தெல்லாம் அடையுற அளவுக்கு வேணும், கிட்டத்தட்ட பயறு அளவுக்கு முக்கால் பங்கு, அப்ப தான் வண்டு நகர முடியாம, ஜோடி சேர முடியாம போகும். சலிச்ச, ஆறின, காஞ்ச சாம்பல். பானை வாய்ல விரல் கனத்துக்கு மேல தனியா ஒரு அடுக்கு போட்டு மூடுங்க. வரட்டி சாம்பலோ விறகு சாம்பலோ பரவாயில்ல, பிளாஸ்டிக் எரிச்ச அடுப்புச் சாம்பல் வேண்டாம்.

அறுவடை முடிஞ்சு புதுசா கொண்டு வந்தது, கடையில கூட வாங்கல, அப்பவும் வருது

வயல்ல இருந்தே வருது. காய் முத்தி காயுறப்பவே வண்டு பறந்து போய் நெத்து மேல முட்டை வச்சுரும், அது தான் உங்க வீட்டுக்கு வர்ற முதல் தவணை. டெல்டா பக்கம் நெல் தரிசுல தையில விதைச்ச உளுந்து பயறு பங்குனி சித்திரையில வரும், ஆள் கிடைக்கலைன்னு நெத்து காஞ்சும் வயல்லயே விட்டு வைக்கிறது, அப்புறம் அறுத்து போட்டதை பக்கத்துலயே குவிச்சு வைக்கிறது, அந்த நாள் எல்லாம் வண்டுக்கு சம்பளம் இல்லாத விருந்து. முத்தினதும் அறுத்து, சீக்கிரம் அடிச்சு, தூசி போக தூத்தி, காய வச்சு, அந்த கோடை வெயிலையே பிடிச்சு ஷீட் முறையையும் ஒரே நாள்ல முடிச்சுட்டா வருஷம் முழுக்க நிம்மதி. இதை புதுப் பயறுக்கு கண்ணுல எதுவும் தெரியாதப்பவே பண்ணணும், அது தான் விஷயம்.

வீட்டுக்கு வேணுங்கிறதை மட்டும் முழுப்பயறா வச்சுக்கிட்டு மிச்சத்தை உடைச்சு பருப்பாக்கிருங்க. உடைச்ச பருப்புல இந்த வண்டு பெருசா பெருகாது. ராஜ்மாவுலயும் அப்படி தான், மேல முட்டை வைக்கும், ஆனா புழு உள்ள வளர முடியாம செத்துரும், அந்தக் கொட்டைக்கே அதோட செரிமானத்தை தடுக்குற சத்து இருக்கு. கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் பச்சைப்பயறும் தான் அதுக்கு உயிர்.

பருப்புல நூல் நூலா கட்டி தொங்குது

இது வேற ஆள், அந்துப்பூச்சி. பருப்பு, ரவை, மாவு எல்லாத்துலயும் வரும். முட்டை பார்த்து எண்ணெய் தடவுற கதை எல்லாம் இங்க வேண்டாம், நூல் கட்டினதை தூக்கி போட்டுட்டு மிச்சத்தை பிரீசர் பண்ணுங்க, அலமாரி மூலையை துடைங்க. செவப்பா தட்டையா மூக்கு இல்லாத குட்டி வண்டுன்னா அது மாவு வண்டு, நீண்ட மூக்கு இருந்தா அரிசி வண்டு. பக்கத்து டப்பாவை போய் பாருங்க.

வண்டோட சேர்ந்து கருப்பா, எறும்பு சைஸ்ல ரெக்கை முளைச்ச ஒண்ணு வருது

இது குளவி, கடிக்காது. வண்டுப் புழு மேல முட்டை வச்சு அதை தின்னு வளர்றது. உங்களுக்கு உதவிக்கு வந்தவங்க தான், ஆனா இவங்க வர்றாங்கன்னா உள்ள புழு நிறைய இருக்குன்னு அர்த்தம். வந்தவங்க வேலையை முடிப்பாங்கன்னு காத்திருக்காதீங்க.

பயறு புடைச்ச அன்னைக்கு ராத்திரி கை, கழுத்து எல்லாம் சிவந்து சிவந்து அரிக்குது

வண்டு கடிக்காது. வண்டுப் புழுவை உறிஞ்சுற ஒரு வகை சிலந்திப்பேன் இருக்கு, கண்ணுக்கே தெரியாது, மூட்டையில வண்டு அதிகமானா இதுவும் பெருகும், அள்ளுறவங்களை கடிச்சுரும். குளிச்சு துணியை சுடுதண்ணியில போடுங்க, ரெண்டு மூணு நாள்ல தணியும், தணியலைன்னா, மூச்சு வாங்குதுன்னா டாக்டர் கிட்ட போங்க. அந்த மூட்டையை முழுக்கை சட்டை போட்டு, மூக்குல துணி கட்டி வெளிய எடுத்துட்டு போங்க.

ஒரே ஒரு வண்டு தான் பார்த்தேன், இப்ப என்ன பண்றது

ஒண்ணு பார்த்தப்பவே கூப்பிட்டு விசாரிக்கணும், அதுக்கு பொறி இருக்கு. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதுக்கு சில பொறி வடிவமைச்சிருக்காங்க, பயறு வண்டுக்கு டூ இன் ஒன் மாடல்னு ஒண்ணு. இந்த வண்டு மூட்டைக்குள்ள ஆழமா போகாம மேலாப்பலயே உலாத்துறதால பயறோட மேல்மட்டத்துல பதிச்சு வச்சா துளை வழியா உள்ள விழுந்து சிக்கிக்கும். மருந்து இல்ல, கரண்ட் இல்ல, வாரம் ஒரு தடவை கொட்டி எத்தனை விழுந்திருக்குன்னு பார்த்தா போதும். ஒண்ணு ரெண்டு விழுந்தப்பவே ஷீட்டை விரிச்சா பயறு தப்பிச்சுரும். பொறியை மட்டும் நம்பி மூட்டையை காப்பாத்த முடியாது, அது மணி அடிக்கிற வேலை தான் பார்க்கும்.

ஓட்டை விழுந்ததை சாப்பிடலாமா

நாலு பயறு ஓட்டைன்னா கழுவி ஊற வச்சு மிதக்குறதை எடுத்து போட்டுட்டு சமைங்க, ஒண்ணும் ஆகாது. ஆனா மிதக்காததெல்லாம் சுத்தம்னு நினைக்காதீங்க, குட்டிப் புழு இருக்குற பயறு கனமா தான் இருக்கும், மூழ்கிரும். பாதிக்கு மேல ஓட்டை, மாவு மாதிரி தூள் கொட்டுது, கசப்பு வாடைன்னா புழு கழிவு ஏறிப் போச்சு, யூரிக் அமிலம் எல்லாம் கூடியிருக்கும், சமைச்சாலும் ருசி இருக்காது. பூசணம் இல்லைன்னா கோழிக்கு போடுங்க, போடுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணி ஊத்திருங்க. அப்படியே குப்பைமேட்டுல கொட்டினீங்கன்னா அடுத்த மாசம் அங்க இருந்து உங்க ஜன்னலுக்கு தான் வரும்.